மெட்டுகள் கடந்த எல்லைகள் – 9: கப்பலேறிய ‘மக்கரேனா’

சென்ற வாரம் ‘லா பம்பா’வை அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். 1987-ல் லாஸ் லோபோஸ் குழு பாடிய அந்தப் பாட்டில் மருந்துக்கும் ஆங்கிலம் கிடையாது. இருந்தும் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு திரைப்படம் கூடவே இருந்தது. படம் திரையரங்குகளை விட்டுப் போனதும் அமெரிக்க வானொலி பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. ஸ்பானியப் பாட்டுக்கு ஸ்பானிய நிலையம், ஆங்கிலப் பாட்டுக்கு ஆங்கில நிலையம். நடுவில் போக்குவரத்து கிடையாது.

அந்தத் தடையைத் தாண்டி இன்னொரு ஸ்பானியப் பாட்டு உச்சிக்கு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1996 ஆகஸ்ட் 3 தேதியிட்ட ‘பில்போர்டு ஹாட் 100’ பட்டியலில் ‘மக்கரேனா’ முதலிடம் பிடித்தது. நவம்பர் 2 வரை, 14 வாரம், அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உறையில் பெயர் போட்டிருந்தவர்கள் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு அந்தலூசிய நாட்டுப்புறப் பாடகர்கள். ஆனால் அந்தப் பதிவில் அவர்கள் குரல் பல்லவியில் மட்டும்தான் கேட்டது. சரணங்களை ஒரு பெண் ஆங்கிலத்தில் பாடினார்.

‘மக்கரேனா’ என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது கையை நீட்டி மடக்கும் அந்த ஆட்டம்தான். ஒரு கோடைக்காலப் பித்து என்று அதைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. பாட்டு வந்த வழியைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பாட்டுக்கு வாசல் திறப்பதும் மூடுவதும் யார் கையில் இருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை வேறு இல்லை.

திருவிழாப் பாடகர்கள்

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா. அதன் தலைநகர் செவில்லா. செவில்லாவை ஒட்டித் தெற்கே இருக்கும் ஊர் தோஸ் எர்மானாஸ். அந்த ஊர்ப் பையன்கள்தாம் அந்தோனியோ ரொமேரோ மொங்கேயும் ரஃபாயேல் ருயிஸ் பெர்திகோனெஸும். 1960களில், மீசை முளைக்கும் வயதில், இருவரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். ‘லோஸ் தெல் ரியோ’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய பிழைப்பு ‘செவில்யானாஸ்’. செவில்லாவில் ஏப்ரல் திருவிழா வந்தால் திடலெங்கும் வண்ணக் கூடாரங்கள் முளைக்கும். பெண்கள் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த நீளப் பாவாடை உடுத்தி வருவார்கள். கூடாரத்துக்குக் கூடாரம் கிதாரும் கைத்தட்டலும் விடிய விடியக் கேட்கும். அங்கே ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்றே அமைந்த, நான்கு பாட்டு கொண்ட தொகுதிதான் செவில்யானாஸ். சபையில் உட்கார்ந்து கேட்கும் பாட்டு வகை இல்லை. எழுந்து ஆட வைக்க வேண்டும். எந்தச் சொல்லில் கால் எழும், எந்த இடத்தில் கூட்டம் கை தட்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் லோஸ் தெல் ரியோ. ஸ்பெயினில் அவர்களை அறியாதவர்கள் குறைவு. ஸ்பானியம் பேசும் பிற நாடுகளில் செல்வந்தர்கள் வீட்டு விருந்துக்கும் அழைப்பு வரும்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். ‘மக்கரேனா’ செவில்யானாஸ் அல்ல. அது ‘ரும்பா ஃபிளமெங்கா’. கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் வளர்த்த ரும்பா, கப்பலேறி ஸ்பானியத் துறைமுகங்களுக்கு வந்து, அங்கே கிதாரோடும் கைத்தட்டலோடும் கலந்து உருவானது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பிவந்த பாட்டுகள் என்று ஃபிளமெங்கோவில் ஒரு தனிப் பிரிவே உண்டு; ரும்பாவையும் அதில்தான் சேர்ப்பார்கள். ஆகவே இந்தப் பாட்டின் தாளத்தில் பாதி கரீபியக் கடலுக்குச் சொந்தம். பின்னால் புவேர்த்தோ ரிக்கோவில் அது பற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அங்குள்ளவர்களுக்கு அது அயலூர்ப் பாட்டாகப் படவே இல்லை.

கராகஸில் ஒரு விருந்து

1992-ல் இருவரும் தென்னமெரிக்கப் பயணத்தில் இருந்தார்கள். வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் ஊடக அதிபர் குஸ்தாவோ சிஸ்னேரோஸ் அவர்களுக்கு விருந்து வைத்தார். விருந்தில் ஆடுவதற்கு உள்ளூர் ஃபிளமெங்கோ நடனக்காரர் தியானா பத்ரிசியா குபில்யான் வந்திருந்தார். அவர் ஆட்டத்தைப் பார்த்த ரொமேரோவுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆடுகிறவரைப் பெயர் சொல்லி அழைத்து உற்சாகப்படுத்துவது ஃபிளமெங்கோ அரங்கின் மரபு. ரொமேரோ அதையே கொஞ்சம் மெட்டோடு செய்தார். தியானாவின் பெயரை வைத்து அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிய அந்த வரிதான் பின்னால் உலகம் பாடிய பல்லவிக்கு விதை.

ஊர் திரும்பியதும் அதை முழுப் பாட்டாகக் கட்டினார்கள். நாயகியின் பெயர் மாறியது. செவில்லாவின் பழைய நகரத்தில் வடக்கே ஒரு பேட்டை மக்கரேனா. அங்கே குடிகொண்டிருக்கும் மாதா செவில்லாக்காரர்களுக்கு உயிர். புனித வாரத்தில் வெள்ளிக்கிழமை விடியலில் அவள் பவனி வரும்போது ஊரே தெருவில் நிற்கும். பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைப்பதும் அங்கே சாதாரணம்.

அப்படி மாதாவின் பெயர் கொண்ட பெண் பாட்டில் என்ன செய்கிறாள்? அவள் காதலன் பட்டாளத்தில் சேர்ந்து கொடிக்கு முன்னால் உறுதிமொழி எடுக்கிறான். ஸ்பெயினில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. 2001-ல்தான் முடிவுக்கு வந்தது. ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் இது தெரிந்த காட்சி. அவன் அங்கே உறுதிமொழி எடுத்துக்கொண்டிருக்க, இவள் இங்கே அவனுடைய இரண்டு நண்பர்களோடு சுற்றுகிறாள். திருவிழாக் கூடாரத்தில் கண்ணடித்துக்கொண்டு பாடும் கிண்டல் பாட்டு, அவ்வளவுதான்.

1993-ல் ‘சஃபிரோ’ என்ற ஸ்பானிய நிறுவனம் இதை ‘அ மி மே குஸ்தா’ என்ற தொகுப்பில் வெளியிட்டது. ஸ்பெயினில் ஒவ்வொரு ஆண்டும் கடற்கரையெல்லாம் ஒலிக்கும் ஒரு பாட்டைக் ‘கோடைப் பாட்டு’ என்று கொண்டாடுவது வழக்கம். ‘மக்கரேனா’வுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. நடனக்கூடங்களுக்காக மின்னணுத் தாளம் சேர்த்த ஸ்பானிய மறுகலவையும் வந்தது. பிறகு கொலம்பியா, மெக்சிகோ. வழக்கமாக ஒரு கோடைப் பாட்டு போகக்கூடிய எல்லை அதுதான். சஃபிரோ பன்னாட்டு நிறுவனமான பி.எம்.ஜி.யின் கைக்குப் போனது மட்டும் ஒரு வித்தியாசம். பாட்டு இப்போது அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் முதலாளியின் சரக்கு.

ஆளுநரும் கப்பல்களும்

புவேர்த்தோ ரிக்கோ அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட தீவு. மக்கள் பேசுவது ஸ்பானியம். கையில் வைத்திருப்பது அமெரிக்கக் கடவுச்சீட்டு. அங்கே ஆளுநராக இருந்த பெத்ரோ ரொசெல்யோ மறுபடி தேர்தலுக்கு நின்றார். அவர் பிரச்சாரத்தில் ‘மக்கரேனா’ அதிகாரபூர்வமற்ற கட்சிப் பாட்டாகிவிட்டது. ஊர்வலத்தில், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில், எங்கு பார்த்தாலும் அதுதான்.

தீவின் தலைநகர் சான் ஹுவான் கரீபிய உல்லாசக் கப்பல்களின் பெரிய துறைமுகம். வாரந்தோறும் கப்பல் கப்பலாக அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்குவார்கள். இறங்கிய இடமெல்லாம் இந்தப் பாட்டைக் கேட்டார்கள், ஆடினார்கள், ஊர் போய்ச் சேர்ந்ததும் அதையே தேடினார்கள். மயாமியிலும் நியூயார்க்கிலும் லத்தீன் மக்கள் பெருந்திரளாக வாழும் பகுதிகளில் பாட்டு வேர்பிடித்ததற்கு இந்தக் கடல்வழிப் போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லப்படுகிறது. விளம்பரத்துக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் பாட்டு அமெரிக்க மண்ணில் கால் வைத்துவிட்டது.

வானொலிக்குள் நுழைவதுதான் பாக்கி. அதற்கு மயாமியின் மொழிச் சண்டையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயாமியின் மொழிச் சண்டை

1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு வெளியேறியவர்கள் மயாமியில் வந்து குடியேறினார்கள். 1973-ல் மயாமி அடங்கிய டேட் மாவட்டம் தன்னை இருமொழி மாவட்டமாக அறிவித்துக்கொண்டது. 1980-ல் மரியெல் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 1,25,000 கியூபர்கள் சில மாதங்களுக்குள் படகேறி வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலம் பேசும் வெள்ளையர்களிடையே எரிச்சல் மூண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு மாவட்டப் பணத்தில் செலவு செய்யக் கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் 1993 வரை உயிரோடு இருந்தது.

இதற்கு நடுவில் நகரத்தில் ஒரு புதிய தலைமுறை வளர்ந்தது. வீட்டில் பாட்டியோடு ஸ்பானியம், பள்ளியில் ஆங்கிலம், நண்பர்களோடு இரண்டும். 1985-ல் குளோரியா எஸ்தெஃபானின் ‘மயாமி சவுண்ட் மெஷின்’ வெளியிட்ட ‘கொங்கா’, கியூபத் தாளத்துக்கு முழு ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பட்டியலில் பத்தாம் இடம் வரை போயிருந்தது. தாளம் எங்களுடையது, மொழி உங்களுடையது என்கிற உடன்படிக்கை அது. பல்லவியையும் ஸ்பானியத்திலேயே விட்டுவைக்கும் துணிச்சல் அப்போது யாருக்கும் வரவில்லை.

‘பவர் 96’ இந்த இளைஞர்கள் கேட்ட நிலையம். நடனப் பாட்டுகளுக்குப் பேர்போனது. அதன் டி.ஜே.க்களில் ஒருவர் ஜானி கரிடே. இரவு விடுதியில் இசைத்தட்டு சுழற்றும்போது ‘மக்கரேனா’வைப் போடச் சொல்லி நச்சரிக்கும் கூட்டத்தை அவர் கண்கூடாகப் பார்த்தார். பாட்டை நிலையத்துக்குக் கொண்டுபோனார். முழு ஸ்பானியப் பாட்டை ஒலிபரப்புவது நிலையத்தின் வழக்கத்தில் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வடிவம் இருந்தால் போடலாம் என்று பதில் வந்தது.

கேட்பவர்கள் யாரும் ஆங்கிலம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விடுதியில் ஆடியவர்கள் ஸ்பானியப் பாட்டுக்குத்தான் ஆடினார்கள், அதையேதான் மறுபடி மறுபடி கேட்டார்கள். ஆங்கிலம் கேட்டது வாசலில் நின்ற நிலையம்.

ஒட்டுப்போட்ட பாட்டு

கரிடே தன் கூட்டாளிகள் மைக் டிரியே, கார்லோஸ் டி யார்ஸா இருவரையும் பிடித்தார். ‘பேசைட் பாய்ஸ்’ என்று உலகம் அறிந்தது இவர்களைத்தான். சில நாட்களுக்குள் வேலை முடிந்தது.

அவர்கள் செய்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ரும்பாவின் கிதாரைப் பின்னுக்குத் தள்ளி, மின்னணு மேளத்தின் தடித்த அடியை முன்னால் வைத்தார்கள். லோஸ் தெல் ரியோவின் சரணங்களை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் டி யார்ஸா எழுதிய ஆங்கில வரிகள் வந்தன. மூலத்தில் இரண்டு ஆண்கள் மக்கரேனாவைப் பற்றிப் பாடினார்கள். இங்கே மக்கரேனாவே வாய் திறந்து தன் கதையைச் சொன்னாள், அதுவும் துளி வெட்கமில்லாமல். 1982-ல் பிரிட்டனின் ‘யாஸூ’ குழு வெளியிட்ட ஒரு பாட்டில் பாடகி அலிசன் மோயேயின் சிரிப்பு ஒன்று உண்டு. அதை அப்படியே வெட்டி எடுத்து இதில் ஒட்டினார்கள்.

பல்லவியில் மட்டும் கைவைக்கவில்லை. செவில்லாத் திருவிழாவின் கரகரத்த ஆண் குரல்கள் ஸ்பானியத்திலேயே நின்றன. இந்த ஒரு முடிவுதான் பாட்டைக் காப்பாற்றியது என்பேன். பல்லவியையும் ஆங்கிலமாக்கியிருந்தால் அது நூற்றில் ஒன்றாகிப்போயிருக்கும். அது மொழி தெரியாதவன் வாயிலும் ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும் பல்லவி. சொல்லெல்லாம் உயிரெழுத்தில் முடிகிறது. பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் ஒரு கூவல். கூட்டத்தைப் பாட வைத்தே முப்பது ஆண்டு சாப்பிட்டவர்களின் கைவண்ணம் அது.

பவர் 96-ல் ஒலித்த சில நாட்களுக்குள் மயாமியே அதைப் பிடித்துக்கொண்டது. பி.எம்.ஜி. குழுமம் தன்னுடைய ஆர்.சி.ஏ. முத்திரையில் நாடு முழுவதும் வெளியிட்டது.

ஏறி, இறங்கி, ஏறி

இங்கே ஹாட் 100 எப்படிக் கணக்கிடப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 1991 வரை எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று கடைக்காரர்கள் சொல்வதையும், எது ஒலிக்கிறது என்று வானொலி நிலையங்கள் சொல்வதையும் நம்பித்தான் பட்டியல் போட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து கல்லாவில் பட்டைக்குறியீடு படிக்கும் கருவி சொல்லும் விற்பனையும், வானொலியில் எத்தனை முறை ஒலித்தது என்று கணினி எண்ணும் கணக்கும் சேர்ந்து இடத்தைத் தீர்மானித்தன. கடையில் தனிப்பாட்டாக விற்கப்படாத எதுவும் பட்டியலில் ஏற முடியாது என்பதும் 1998 வரை விதி. ஆக, காசு கொடுத்து ஒலிநாடாவோ குறுந்தட்டோ வாங்குகிறவனின் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது. வானொலி அரைமனதாக இருந்தாலும் வாங்குகிறவன் ஒரு பாட்டைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

பேசைட் பாய்ஸ் வடிவம் 1995 செப்டம்பரில் பட்டியலுக்குள் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 45-ஆம் இடம் வரை போய், மெல்ல இறங்கி, பட்டியலை விட்டே வெளியேறியது. பெரும்பாலான பாட்டுகளின் கதை அத்தோடு முடிந்துவிடும். 1996 வசந்தத்தில் அது திரும்பிவந்தது. இந்த முறை மயாமியை நம்பி இல்லை; நாட்டின் மற்ற நகரங்களும் கேட்கத் தொடங்கியிருந்தன. பட்டியலில் இருந்த வாரங்களை மட்டும் கூட்டினால், முதலிடத்தைத் தொட்டது 33-ஆவது வாரத்தில். இவ்வளவு மெதுவாக உச்சிக்கு ஏறிய பாட்டு அதற்கு முன் இல்லை. அந்தச் சாதனை 2019 டிசம்பரில்தான் உடைந்தது. உடைத்தது மரைய்யா கேரியின் பழைய கிறிஸ்துமஸ் பாட்டு.

டோனி பிராக்ஸ்டனை இறக்கிவிட்டு ஆகஸ்டில் ஏறிய ‘மக்கரேனா’வை நவம்பர் 9 பட்டியலில் ‘பிளாக்ஸ்ட்ரீட்’ குழு இறக்கியது. மொத்தம் 60 வாரம் பட்டியலில் இருந்தது. முதலிடம் கண்ட பாட்டுகளில் அவ்வளவு நீண்ட ஆயுள் 2011-ல் அடேல் வரும்வரை வேறு எதற்கும் அமையவில்லை. 1996-ஆம் ஆண்டின் முதல் பாட்டு என்று பில்போர்டு அறிவித்தது. அமெரிக்காவில் நான்கு மடங்கு பிளாட்டினம். உலக அளவில் ஒரு கோடிக்கும் மேல் விற்பனை.

எல்லோரும் சொல்ல மறக்கும் ஒரு தகவல் உண்டு. அதே 1996-ல், ஆங்கிலம் கலக்காத ஸ்பானிய வடிவமும் ஹாட் 100-ல் தனியாக ஏறி 23-ஆம் இடம் வரை போனது. ‘லோஸ் தெல் மார்’ என்ற பெயரில் கனடாவிலிருந்து வந்த நகல் ஒன்றும் பட்டியலில் இருந்தது. கடைக்குப் போன அமெரிக்கன் முழு ஸ்பானிய நாடாவையும் தேடி வாங்கியிருக்கிறான். இதற்காக ஆங்கில வரிகள் வீண் என்று சொல்ல வரவில்லை. 23-க்கும் 1-க்கும் உள்ள தூரம் சிறியதல்ல. அந்தத் தூரத்தைக் கடக்க வைத்தது வானொலி, வானொலிக்குள் விட்டது ஆங்கிலம். ஆனால் உள்ளே போனபின் மக்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேறு கேள்வி.

பதினாறு எண்ணிக்கை

காணொளியை இயக்கியவர் பிரான்ஸின் வின்சென்ட் கால்வே. நடனம் மியா ஃப்ரை. வெள்ளைப் பின்னணி, கோட்டு சூட்டில் இரண்டு நடுவயதுப் பாடகர்கள், சுற்றிலும் வெவ்வேறு நிறமும் உடையுமாய் ஆடும் பெண்கள். செட்டு கிடையாது, கதை கிடையாது. பார்க்கிறவன் கண் முழுக்க அசைவின்மேல் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அசைவும் எளிது. வலக்கை முன்னே, இடக்கை முன்னே, உள்ளங்கையை ஒவ்வொன்றாகத் திருப்பு, எதிர்த் தோளில் ஒவ்வொன்றாக வை, பின்தலைக்குக் கொண்டுபோ, இடுப்புக்கு இறக்கு, இடுப்பை ஆட்டு, ஒரு துள்ளலில் கால்வாசித் திரும்பு. பதினாறு எண்ணிக்கைக்குள் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. துணை தேவையில்லை, இடம் தேவையில்லை, திறமையும் தேவையில்லை. திரும்பித் திரும்பி ஆடுவதால் மறந்துபோனவன் எதிரே இருப்பவனைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் யாங்கி பேஸ்பால் திடலில் பார்வையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கையை விட்டெழுந்து இதை ஆடினார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவை அரங்கிலேயே அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட் போட்ஸ்வானா தூதருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. கிளின்டனை இரண்டாம் முறை வேட்பாளராக்கும் கூட்டம். பிரதிநிதிகள் நாற்காலிகளுக்கு நடுவே வரிசையாக நின்று ‘மக்கரேனா’ ஆடியதைத் தொலைக்காட்சிகள் நாடு முழுக்கக் காட்டின. துணை ஜனாதிபதி அல் கோர் மரக்கட்டை மாதிரி நிற்பவர் என்று பெயர் வாங்கியவர். மேடைக்கு வந்து, இதோ என் மக்கரேனா என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். இன்னொரு முறை ஆடட்டுமா என்றும் கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. பட்டாளத்துக்குப் போன காதலனை ஏமாற்றும் பெண்ணைப் பற்றிய பாட்டுக்கு ஓர் ஆளும் கட்சி முழுதும் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு ஆங்கிலத்திலேயே கதையைப் புட்டுப்புட்டு வைத்தும், அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் இல்லை. அவர்களுக்கு ஆட்டமும் பல்லவியும் போதும்.

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் இதே கதைதான். ஜெர்மனியில் முதலிடம். தொலைவில் ஆஸ்திரேலியாவிலும் முதலிடம். பிரிட்டனில் மட்டும் இரண்டோடு நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் அங்கே ‘ஸ்பைஸ் கேர்ள்ஸ்’ என்ற ஐந்து பெண்கள் தங்கள் முதல் பாட்டோடு வந்து உச்சியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

யார் எதை வாங்கினார்கள்?

2002-ல் அமெரிக்காவின் வி.எச்.1 தொலைக்காட்சி ‘ஒற்றைப் பாட்டு அதிசயங்கள்’ என்று நூறு பேரை வரிசைப்படுத்தியது. முதல் இடம் லோஸ் தெல் ரியோவுக்கு. அமெரிக்கா அவர்களுடைய ஒரே ஒரு பாட்டைக் கேட்டது, அதனால் அவர்களிடம் ஒரே ஒரு பாட்டுதான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டது. ஏப்ரல் கூடாரங்களில் அவர்கள் பாட்டுக்கு மூன்று தலைமுறை ஆடியிருப்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

‘மக்கரேனா’ கதவைத் திறந்துவிட்டது என்று எழுதுவது வழக்கம். அதை அப்படியே ஏற்க முடியாது. 14 வாரம் உச்சியில் இருந்துவிட்டு அது இறங்கியதும், அதன் பின்னால் ஸ்பானியப் பாட்டுகள் வரிசையாக நுழைந்துவிடவில்லை. வானொலிகளின் மொழி வழக்கம் அப்படியே இருந்தது. மறுபடி ஒரு பெரும்பகுதி ஸ்பானியப் பாட்டு ஹாட் 100-ன் முதலிடத்தைப் பிடித்தது 2017-ல், ‘தெஸ்பசீத்தோ’. இடையில் 21 ஆண்டுகள். அதுவும் எப்படி? லூயிஸ் ஃபோன்சியும் டாடி யாங்கியும் பாடிய ஸ்பானிய மூலம் ஏற்கெனவே உலகைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, ஜஸ்டின் பீபர் ஆங்கில வரிகளோடு வந்து சேர்ந்த வடிவம்தான் உச்சிக்குப் போனது. 16 வாரம் இருந்தது. மயாமியில் 1995-ல் போட்ட அதே ஒட்டு, பெரிய பணத்தில்.

1987-ல் படம், 1996-ல் ஆங்கிலச் சரணம், 2017-ல் ஆங்கில நட்சத்திரம். ஸ்பானியப் பாட்டிடம் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சுங்கம் வசூலித்திருக்கிறார். அது குறைய ஆரம்பித்தது, கேட்பவன் நிலையத்தின் தயவில்லாமல் கைப்பேசியிலேயே பாட்டைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வும் பட்டியலில் எண்ணப்பட்ட பிறகுதான். 2020 டிசம்பரில் பேட் பன்னியின் முழு ஸ்பானியத் தொகுப்பு பில்போர்டு தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முழு ஸ்பானியத் தொகுப்பு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. ஆங்கிலம் எங்கே என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆளே வாசலில் இல்லை.

இந்த வெளிச்சத்தில் ‘மக்கரேனா’வைப் பாருங்கள். டி யார்ஸாவின் ஆங்கில வரிகள் தம் வேலையைச் சரியாகச் செய்தன: பாட்டை உள்ளே கொண்டுபோய் விட்டன. இன்று அவற்றை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவர் தேறுவது கடினம். ரொமேரோவின் ஸ்பானியப் பல்லவியைச் சொல்லச் சொன்னால், ஸ்பானியம் ஒரு சொல்கூட அறியாதவர்கள் கையோடு சேர்த்துப் பாடிக் காட்டுவார்கள். மொழி தெரியாத பாட்டை மக்கள் கேட்க மாட்டார்கள் என்பது கேட்பவர்களைப் பற்றிக் கடைக்காரர்கள் கட்டிய கதை. 1996-ல் கோடிப் பேர் அதைப் பொய்யாக்கினார்கள். பொய் என்று கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ள இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

அதற்கு முன் அவர்கள் வேறொரு வழியை முயன்றார்கள். பாட்டை இரு மொழியாக்குவதைவிடப் பாடகனையே இரு மொழிக்காரனாகத் தயார் செய்தால் என்ன என்ற யோசனை அது. 1999 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் சான் ஹுவான்காரர் ஒருவர், முன்னாள் ‘மெனுதோ’ பையன், நான்கு நிமிடம் ஆடிப் பாடினார். அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மூன்று மாதத்தில் அவருடைய ஆங்கிலப் பாட்டு ஹாட் 100-ன் முதலிடத்தில் இருந்தது. தலைப்பில் மட்டும் பாதி ஸ்பானியம். ரிக்கி மார்ட்டினின் அந்த ஆண்டை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)